தம்பி வார்டில், நான் டர்ஃபில்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, நான் பெரம்பூர் பக்கம் ஞாயிறுதோறும் ஃபைவ்ஸ், அதாவது பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து, ஆடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) கொடுத்ததும் நான்தான். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த வழியில் நடந்தவன் என்பதால், பலரும் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா கீமோவில் இருக்கிறாள். மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் பெரியம்மா, "கூடப் பிறந்தவ படுத்துக் கிடக்கா, உனக்குப் பந்து கேக்குதா" என்கிறார். ஷூவைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது அண்ணா.

பெரியம்மாவை விடுங்கள், அக்காவிடம் கேட்டீர்களா? நானும் இரண்டு ஞாயிறு போகாமல் தம்பி கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன், இரண்டாவது வாரம் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு "என்னையே பாத்துட்டு உக்காராதே, போய் ஆடிட்டு வந்து கதை சொல்லு" என்றான். அவன் எங்கள் டீமின் லெஃப்ட் விங். அதன்பிறகு ஞாயிறு இரவானால் ஸ்கேன் கவரின் பின்பக்கம் பேனாவால் கோடு போட்டு யார் எங்கே ஓடினான், யார் பந்தை விட்டான் என்று காட்டுவேன். "அவன் ஃப்ரீயா நின்னானே, ஏன் குடுக்கல" என்று திட்டுவான். மருந்து, கவுன்ட், ரிப்போர்ட் இல்லாத பேச்சு அந்த நாட்களில் அது ஒன்றுதான். போங்கள் தம்பி, அக்காவோடு இருக்க வேண்டிய நேரத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

அண்ணனுக்கு ஸ்டெம் செல் கொடுக்க என் ஹெச்.எல்.ஏ. (ஒருவர் செல் இன்னொருவருக்கு ஒத்துப்போகுமா என்று காட்டும் அடையாளம்) முழுசாகப் பொருந்திவிட்டது. ஊசி போடுகிற அதே வாரம் எங்களுக்கு செமி ஃபைனல். பார்த்து ஆடினால் போதாதா?

போதாது, ஆடவே வேண்டாம். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்களில்கூட ஒருவருக்கு முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு 25 சதவீதம்தான், அது உங்களுக்கு அமைந்திருக்கிறது. ஸ்டெம் செல்லை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்க நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். எலும்பெல்லாம் வலிக்கும், அதுகூடப் பரவாயில்லை. அந்த நாட்களில் மண்ணீரல் வீங்கும். இடது விலாவுக்குக் கீழே ஒரு முழங்கை பட்டால் அது கிழியக்கூடும், அபூர்வம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அப்புறம் அண்ணன் பக்கத்தையும் யோசியுங்கள். ஸ்டெம் செல் மாற்றுக்கு முன்னால் அவருக்குக் கடும் கீமோ கொடுத்து மஜ்ஜையை அழித்துவிடுவார்கள், அந்த நேரத்தில் நீங்கள் கால் உடைந்து கிடந்தால் அவர் நிலைமை என்ன? தேதி குறித்த நாளிலிருந்தே ஷூவைக் கட்டி வைத்துவிடுங்கள்.

தங்கைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், என் குரூப்தான். நானே கொடுக்கலாமா?

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பற்றிப் பேச்சு இருந்தால் அவளுக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள். கூடப்பிறந்தவர் ரத்தம் முன்கூட்டியே உள்ளே போனால், பின்னால் அவர் ஸ்டெம் செல்லை உடம்பு எதிர்க்க வாய்ப்பு கூடும். இது தெரியாமல் பாசத்தில் கையை நீட்டிவிடுகிறோம். உங்கள் டீமைக் கூட்டிப்போங்கள், பத்துப் பேர் ஆரோக்கியமாக ஓடுகிற கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்! பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) கொடுப்பவர் முந்தைய மூன்று நாள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. மேட்ச் வலிக்கு வேறு என்ன மாத்திரை விழுங்கியிருந்தாலும் ரத்த வங்கியில் சொல்ல வேண்டும். கொடுத்த அன்று ஆட்டம் கிடையாது.

ஆடிவிட்டு நேராக வார்டுக்குப் போகலாமா?

கூடாது. கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும், மண்ணில் இருக்கும் பூஞ்சைகூட அவர்களுக்கு நுரையீரல் தொற்றாகலாம். ஷூ, சாக்ஸ், ஷின் கார்டு எல்லாம் தனிப் பையில் வீட்டு வாசலுக்கு வெளியே. எவ்வளவு உதறினாலும் டர்ஃபின் கறுப்பு ரப்பர் துகள் சாக்ஸ் மடிப்பில் ஒளிந்துகொண்டு கட்டில் வரை வரும். தலைக்குக் குளித்து, துணி மாற்றி, கை கழுவிவிட்டுப் போங்கள். டீமில் இருமுகிறவன் தண்ணீர் பாட்டிலைத் தொடாதீர்கள். உங்களுக்கே தொண்டை கரகரத்தால் அன்று வீடியோ கால் போதும்.

ஆடும்போது போன்?

சத்தம் வைத்து பெஞ்சில் இருப்பவன் கையில் கொடுங்கள்.

போன வாரம் சின்ன ஃபவுலுக்கு ஒருவனை அடிக்கப் போய்விட்டேன். தம்பி விஷயம் டீமில் யாருக்கும் தெரியாது.

சொல்லுங்கள், இன்றைக்கே, குறைந்தது கேப்டனுக்காவது. நானும் மறைத்துப் பார்த்தேன், ஒருநாள் கார்னர் எடுக்கப் போன இடத்தில் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பசங்க எதுவும் கேட்கவில்லை, ஒருவன் வந்து கார்னரை எடுத்தான். மறுநாள் மூன்று பேர் ரத்த வங்கி வாசலில் நின்றார்கள்.

ஸ்டெம் செல் கொடுத்தபின் எப்போது திரும்ப ஆடினீர்கள்? தம்பி எப்படி இருக்கிறார்?

ரத்தப் பரிசோதனையும் மண்ணீரலும் சரி என்று மருத்துவர் சொன்னபிறகு, நான்காவது வாரம், முதலில் பத்து நிமிடம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்திருந்தால் கணக்கு வேறு, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தம்பிக்கு இப்போது விங்கில் ஓட மூச்சு வாங்குகிறது, அதனால் கோலில் நிற்கிறான். அங்கிருந்தும் திட்டுகிறான்.