என்விரான்மென்ட்டில் கொடுத்த மதிப்பை டெராஃபார்ம் ஏன் கண்டுகொள்வதில்லை?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கான கொள்முதல் மென்பொருள் நடத்துகிறோம். சர்வர்கள் அமேசானின் மும்பை ரீஜியனில், டெராஃபார்ம் (சர்வர்களைக் கோடு எழுதி அமைக்கும் கருவி) வழியாக. நேரடிச் சூழலுக்கான பெரிய சர்வர் அளவை டிஎஃப்_வார்_ என்று தொடங்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுத்தும், பிளானில் (என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் பட்டியல்) சோதனைச் சூழலின் சிறிய அளவே வருகிறது. ஏன்?

பதில்: அதே ஃபோல்டரில், வேரியபிள்களின் மதிப்புகளை வைக்கும் டெராஃபார்ம்.டிஎஃப்வார்ஸ் ஃபைல் இருக்கிறதா, அதில் சிறிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். என்விரான்மென்ட் வேரியபிளால், வேரியபிளை அறிவிக்கும் இடத்திலேயே எழுதிய டீஃபால்ட்டை மட்டும்தான் வெல்ல முடியும். டெராஃபார்ம்.டிஎஃப்வார்ஸ் அதற்கும் மேல்; .ஆட்டோ.டிஎஃப்வார்ஸ் என்று முடியும் ஃபைல்கள் அதற்கும் மேல். கமாண்டில் தரும் -வார், -வார்-ஃபைல் எல்லாவற்றுக்கும் மேல். வேறு பல கருவிகளில் என்விரான்மென்ட்தான் ஃபைலை வெல்லும் என்பதால் இங்கே பலரும் இடறுகிறார்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் என்விரான்மென்ட் வேரியபிள் சத்தமில்லாமல் விடப்படும். -வார் என்றால் எர்ரர் காட்டி நின்றுவிடும். எந்த மதிப்பு உள்ளே போகிறது என்று அறிய, டெராஃபார்ம் கன்சோலைத் திறந்து வார் என்று போட்டுப் புள்ளி வைத்து வேரியபிள் பெயரைத் தட்டினால் போதும்.

தானாக வாசிக்கப்படும் ஃபைலைக் கைவிட்டு, சோதனை.டிஎஃப்வார்ஸ், நேரடி.டிஎஃப்வார்ஸ் என இரண்டாகப் பிரியுங்கள். சர்வர் அளவுக்கு டீஃபால்ட் வேண்டாம். ஃபைலைக் குறிப்பிட மறந்தால் டெராஃபார்மே கேட்கட்டும். பிளானை -வார்-ஃபைல், -அவுட் இரண்டும் கொடுத்துச் சேமித்து, அந்த பிளான் ஃபைலையே அப்ளை (மாற்றங்களைச் செயல்படுத்தும் கமாண்ட்) செய்யுங்கள். அப்ளையில் ஃபைல் மாறிப்போக வழியிருக்காது.

இதோடு நிறுத்தினால்தான் ஆபத்து. இரண்டு வேரியபிள் ஃபைல், ஆனால் ஸ்டேட் (தான் உருவாக்கியவற்றை டெராஃபார்ம் குறித்து வைக்கும் பதிவு) ஒன்றே என்றால், நேரடி ஃபைலோடு ஓட்டும்போது புது சர்வர் எழாது. இருக்கிற சோதனை சர்வரையே நிறுத்தி, அளவை மாற்றி மறுபடி கிளப்பும். பிளானின் கடைசி வரியில் 'ஆட்' சுழியமாகவும் 'சேஞ்ச்' ஒன்றாகவும் இருந்தால் அதுதான் அறிகுறி. ஸ்டேட்டும் பிரிய வேண்டும். ஸ்டேட்டை எங்கே சேமிப்பது என்று சொல்லும் டெராஃபார்மின் பேக்எண்ட் பிளாக்கில் வேரியபிள் எடுபடாது. எனவே ஸ்டேட் ஃபைலின் பெயரைத் தரும் கீ என்ற வரியை வெளியே எடுத்து, இனிட் (ஃபோல்டரைத் தயார்செய்யும் கமாண்ட்) செய்யும்போது -பேக்எண்ட்-கான்ஃபிக் மூலம் சூழலுக்கு ஒன்றாகக் கொடுங்கள். சூழல் மாறும்போது -ரீகான்ஃபிகர் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் -மைக்ரேட்-ஸ்டேட் போட்டால் சோதனையின் ஸ்டேட் நேரடிக்குள் நகலாகிவிடும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டுக்கு சென்சிட்டிவ் போட்டாலும் திரையில்தான் மறையும், ஸ்டேட்டில் அப்படியே கிடக்கும். ஸ்டேட்டைச் சேமிக்கும் பக்கெட்டின் அனுமதிகளை இறுக்கி வையுங்கள்.

கொள்முதல் மையங்களை லிஸ்டாக வைத்து, வரிசை எண்படி சர்வர்களை உருவாக்கும் கவுன்ட்டில் சுற்றுகிறீர்களா? காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி என்ற வரிசையில் சீசன் முடிந்து காவேரிப்பட்டணத்தை நீக்கினால், அதன் சர்வர் பர்கூர் ஆகும், பர்கூருடையது போச்சம்பள்ளி ஆகும், அழிவது போச்சம்பள்ளியின் சர்வர்! கவுன்ட் எண்ணைப் பார்க்கும், பெயரைப் பார்க்காது. பெயர்படி உருவாக்கும் ஃபார்_ஈச்சுக்கு மாறி, மேப்பில் (கீயும் மதிப்பும் சேர்ந்த பட்டியல்) ஊர்ப்பெயரைக் கீயாக வையுங்கள். ஏற்கெனவே ஓடுகிறவற்றுக்கு மூவ்ட் பிளாக்கில் (பெயர் மாறியதை டெராஃபார்முக்குச் சொல்லும் பகுதி) பழைய எண்ணையும் புதுக் கீயையும் எழுதிவிட்டு பிளான் பாருங்கள். 'டிஸ்ட்ராய்' சுழியம் என்று வந்த பிறகே அப்ளை.