அணிகருவி ஆராய்ச்சிக்கு எந்தப் பட்டம் படிக்கலாம்?

உடலில் அணிந்துகொண்டு மனிதரின் திறனைப் பெருக்கும் அணிகருவிகளை ஆராய விரும்பும் தங்கள் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துறையின் பெயரிலேயே ஒரு பட்டத்தைத் தேட வேண்டியதில்லை. செயற்கைக் கால் ஆராய்ச்சியில் முன்னோடியான ஹியூ ஹெர் இளநிலையில் இயற்பியலும், முதுநிலையில் இயந்திரவியலும், முனைவர் பட்டத்துக்கு உயிர்இயற்பியலும் படித்தவர். இயந்திரவியல், மின்னணுவியல், கணினி அறிவியல் என எதில் சேர்ந்தாலும், மனித உடலைப் பற்றிய படிப்பை மட்டும் தங்கள் மகள் தள்ளிவைக்கக் கூடாது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பொறியியல் ஆராய்ச்சியாளர் ஸ்டீவன் காலின்ஸ் குழுவினர் 2015இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்ட, நடக்க உதவும் கணுக்கால் கருவியில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஒரு சுருள்வில்லும் ஒரு கிளட்சும்தான் முக்கிய உறுப்புகள். பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது வில் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது, கால் தரையை உந்தும்போது அதைத் திருப்பித் தருகிறது, கால் முன்னே வீசப்படும்போது கிளட்ச் விடுபட்டுக் கணுக்காலைத் தடையின்றி அசையவிடுகிறது. இதனால் நடைக்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைந்தது. ஆனால் வில்லின் விறைப்பை மேலும் கூட்டியபோது அந்தப் பயன் மறைந்துவிட்டது. சரியான விறைப்பைக் கண்டறிய, கெண்டைத்தசை எப்போது உழைக்கிறது என்ற அறிவும், சுவாச வாயுக்களை அளந்து உடலின் ஆற்றல் செலவைக் கணிக்கும் பயிற்சியும் தேவை. மின்சுற்று அமைக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த அளவீட்டைப் பிழையின்றிச் செய்யக்கூடியவர்கள் குறைவு.

வேலையைப் பொறுத்தவரை, ஆராய்ச்சியாளர் பணிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள், இடங்களும் அதிகமில்லை என்பதை இப்போதே அறிந்திருப்பது நல்லது. ஆயினும் உணரிகளின் (சென்சார்) தரவைப் பகுப்பாய்வது, கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லுகளான நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதுவது, மனிதர்களை வைத்து முறையாகச் சோதனை நடத்துவது ஆகியவை மருத்துவக் கருவி, மறுவாழ்வு சிகிச்சை, செவித்துணைக் கருவி நிறுவனங்களிலும் தேவைப்படும் திறன்கள். எனவே முனைவர் பட்டம் வரை போகாவிட்டாலும் படித்தது வீணாகாது என்று உறுதியாகச் சொல்வேன்.

கல்லூரி தேடும்போது தரவரிசையைப் பார்ப்பதுடன், அங்கே மனித அசைவை அளக்கும் ஆய்வகம் உள்ளதா, அதில் இளநிலை மாணவர்களை வேலை செய்ய விடுகிறார்களா, மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறும் நடைமுறை இருக்கிறதா என்ற மூன்றையும் பேராசிரியர்களிடம் நேரில் கேளுங்கள். தங்கள் மகளையும் உடன் அழைத்துச் சென்று, அவரையே கேட்கச் சொல்லுங்கள்.