மோட்டார்ஹோம் சக்கர மூடிகள்: நட்டுக்கு மேலேயா, அடியிலா?

கேள்வி: பயன்படுத்திய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறேன். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரட்டைச் சக்கரம். எல்லாமே இரும்பு ரிம். துருவேறிப் பார்க்கச் சகிக்காமல் இருப்பதால், பளபளக்கும் சக்கர மூடிகளையும் நடுவில் வரும் அச்சு மூடிகளையும் நானே பொருத்த நினைக்கிறேன். 16 அங்குலம் என்று கேட்டு வாங்கினால் போதுமா? ஓட்டத்தில் கழன்று விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: போதாது. அந்த 16-ஐக்கூட ரிம்மின் குறுக்கே டேப்பை வைத்து அளக்காதீர்கள். டயர் உட்காரும் இடத்தின் விட்டம்தான் ரிம்மின் அளவு. கண்ணுக்குத் தெரியும் வெளி விளிம்பு அதைவிட ஓர் அங்குலத்துக்கும் மேல் பெரிதாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் 225/75ஆர்16 என்பது போல அச்சிட்டிருப்பதில் கடைசியாக உள்ள எண்ணே சரியான அளவு. அதோடு நட்டுகளின் எண்ணிக்கை, நேரெதிராக உள்ள இரண்டு ஸ்டட்களின் (நட்டு ஏறும் மரைக்கம்பிகளின்) மையங்களுக்கு இடைப்பட்ட தூரம், ரிம்மில் உள்ள காற்றுத் துளைகளின் எண்ணிக்கை, ஹப்பின் (சக்கரம் பொருந்தும் நடுக்குடத்தின்) விட்டம், அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தில் ரிம்மின் நடுப்பகுதி வெளியே புடைத்தும், பின்னால் வெளிச் சக்கரத்தில் அதே பகுதி உள்ளே குழிந்தும் இருப்பதால், இரண்டுக்கும் மூடியின் வடிவமே வேறு.

மூடிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ரிம்மின் விளிம்பிலோ காற்றுத் துளைகளிலோ கிளிப்பால் கவ்விக்கொள்வது. மற்றொன்று, சக்கர ஸ்டட்களையே பிடிமானமாகக் கொண்டு நட்டால் முடுக்கப்படுவது. கிளிப் வகையைப் பொருத்துவது எளிது; ஆனால் கிளிப்பின் இழுவிசை காலப்போக்கில் தளரும், விளிம்பில் சமநிலை எடைக்கட்டி இருந்தால் அந்த இடத்தில் மூடி சரியாக உட்காராது. முடுக்கும் வகையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அதில் ஒரு தவறு உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மூடியின் தகட்டையோ அதன் பிடிப்பட்டையையோ சக்கர நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒருபோதும் வைக்கக் கூடாது. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. அது சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடித்திருக்கிறது. இடையில் மெல்லிய தகடு இருந்தால் அது ஓட்டத்தில் நசுங்கி மெலியும். ஒரு தலைமுடி அளவு மெலிந்தாலும் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி போய்விடும், நட்டு தானாகக் கழலத் தொடங்கும். முறையான அமைப்பில், சக்கர நட்டு ரிம்மின் மீது நேரடியாக உட்கார்ந்து முழுதாக முடுக்கப்பட்ட பிறகு, அதற்கு வெளியே மிஞ்சும் மரையில்தான் பிடிப்பட்டையும் மூடிக்கான நட்டும் ஏறும். சில தொகுப்புகளில், ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு அசல் நட்டுகளுக்குப் பதிலாக வெளியிலும் மரை உள்ள சிறப்பு நட்டுகளைப் போடச் சொல்வார்கள். அவையும் வண்டியின் பாரத்தைத் தாங்கும் நட்டுகளே. ஆகவே மரையின் அளவும், நட்டு உட்காரும் முகம் கூம்பா தட்டையா என்பதும் அசலோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஒன்றைக் கழற்றி மாற்றி முடுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மூடுவதற்கு முன் அந்தத் துருவை நன்றாகப் பாருங்கள். பரவலான மேல்துரு கம்பி பிரஷ்ஷாலும் பெயின்டாலும் தீரும். நட்டு உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாகப் படியக் கூடாது, அதுவும் தகட்டைப் போலவே நசுங்கும். ஆனால் நட்டின் அடியிலிருந்து கதிர் விரிந்தது போலத் துருக்கோடு ஓடியிருந்தால், அந்த நட்டு தளர்ந்து ஆடியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ அந்த ரிம்மை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பொருத்தும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஜாக்கி தேவையில்லை. முதலில் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) கொண்டு, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். 22.5 அங்குல ரிம்மில் உள்ள 22 மில்லிமீட்டர் ஸ்டட்களுக்கு வழக்கமாக 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரை தேவைப்படும். உங்கள் ரிம் போன்ற சிறியவற்றுக்கு அதைவிட மிகக் குறைவு. இதில் கைப்பழக்கத்தை நம்ப வேண்டாம். பிறகு டயரின் காற்று வால்வு, சக்கர மூடியில் உள்ள துளைக்கு நேராக வரும்படி மூடியை வைத்து, ரப்பர் சுத்தியலால் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். நடுவில் தட்டினால் தகடு ஒடுங்கும். மூடிக்கான நட்டுகளுக்கு மிதமான முடுக்கே போதும்.

பின்னால் உள்சக்கரத்தின் வால்வுதான் தொல்லை தரும். அதற்கு நீட்டிப்பு வேண்டியிருக்கும். ஆடி உரசாதபடி தாங்கி வைத்த, வளையாத உலோக நீட்டிப்பே நல்லது. மூடியின் விளிம்பு வால்வைத் தொட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் அதை அறுத்துவிடும். காற்றுத் துளைகள் பிரேக்கின் சூடு வெளியேறும் வழி. அவற்றை முழுதாக அடைக்கும் மூடியை வாங்காதீர்கள்.

அச்சு மூடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. பெரிய வண்டிகள் சிலவற்றில் முன் ஹப்பின் நடுவே கண்ணாடி போன்ற எண்ணெய்ச் சாளரம் இருக்கும். அதை மறைத்துவிட்டால் எண்ணெய் ஒழுகுவது தெரியாமலே பேரிங் வெந்துவிடும். அத்தகைய ஹப்புக்கு எளிதில் கழற்றக்கூடிய மூடியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மூடாமலே விடுங்கள்.

80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மூடியைக் கழற்றிச் சக்கர நட்டுகளின் முடுக்கத்தை மீண்டும் சோதியுங்கள். மெதுவாகப் போகும்போது 'கிறீச்' என்றோ 'கடகட' என்றோ சத்தம் கேட்டால் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான மூடிகள் கழன்று விழுவதற்கு முன் இப்படிச் சத்தம் கொடுத்துவிடும். மூடியைக் கழற்றும் கருவியை ஜாக்கியோடு சேர்த்தே வையுங்கள். டயர் கடையில் வண்டியை விடும்போது, வெளியே தெரிபவை அலங்கார நட்டுகள், அவற்றில் இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டை வேகமாகத் தட்டித் திருப்பும் விசைக்கருவி) போடக் கூடாது என்று வாயால் சொல்லிவிடுங்கள். பொய் நட்டு என்று தெரியாமல் சாக்கெட்டை மாட்டி அழுத்தினால், மூடி முறுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும்.