வரி இல்லாவிட்டாலும் தாக்கல் உண்டு: அமெரிக்க எல்எல்சி கேள்வி பதில்

அமெரிக்காவில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்புள்ள கம்பெனி) பதிவு செய்துவிட்டு வெளிநாட்டில் இருந்தபடி தொழில் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

கோவை, மென்பொருள் வேலை: அக்கா, வயோமிங்கில் எல்எல்சி வைத்திருக்கிறேன். நான் ஒருத்தன்தான் உரிமையாளர், வேலை முழுக்க இங்கேதான். "அமெரிக்காவில் வரியும் இல்லை, தாக்கலும் இல்லை" என்கிறார் பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட். சரியா?

முதல் பாதி சரி, தம்பி. கோவையில் உட்கார்ந்து செய்யும் சேவைக்கு வரும் பணம், வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தாலும், அமெரிக்க மூல வருமானம், அதாவது அமெரிக்காவில் ஈட்டியது, ஆகாது. அங்கே அலுவலகமோ ஆளோ இல்லாதவரை உங்களுக்கு அங்கே வருமான வரி வராது.

இரண்டாம் பாதி தவறு. ஒரே உரிமையாளர் உள்ள எல்எல்சியை வரிக்காகத் தனி ஆளாக ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) பார்ப்பதில்லை. ஆனால் அந்த உரிமையாளர் வெளிநாட்டவர் என்றால், 2017 முதல் தகவல் தெரிவிப்பதற்கு மட்டும் அதை ஒரு கார்ப்பரேஷனாக நடத்துகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையிலான பரிவர்த்தனைகளைக் காட்டும் ஃபார்ம் 5472-ஐ, கார்ப்பரேஷன் வரிப் படிவமான ஃபார்ம் 1120-ஐ வெற்றாக வைத்து அதனுடன் இணைத்து ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம் 25,000 டாலர். நோட்டீஸ் வந்து 90 நாள் கழித்தும் அனுப்பவில்லை என்றால், அதற்குப் பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000. ஒரு டாலர்கூட வரி பாக்கி இல்லாதவருக்கும் இதே தொகைதான். இதைச் சொல்லாமல் கம்பெனி விற்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

மதுரை: வருமானமே வரவில்லை. அப்போதும் தாக்கல் செய்ய வேண்டுமா?

கம்பெனியைப் பதிவு செய்யக் கட்டணம் யார் கட்டினார்கள்? உங்கள் கைப்பணம் என்றால், நீங்கள் கம்பெனிக்குள் போட்ட முதலீடு அது. முதல் போடுவது, எடுப்பது, கடன் கொடுப்பது, கம்பெனியைத் தொடங்குவது, மூடுவது எல்லாமே 5472-ல் வரும் பரிவர்த்தனைகள். நீங்கள் சொந்தக் காசில் கட்டும் ஆண்டுக் கட்டணமும் அப்படித்தான். அதனால் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று துணிந்து சொல்லக்கூடிய வருஷம் அபூர்வம்.

பெயர் வேண்டாம் என்றவர்: நானே நிரப்ப முடியுமா, மேடம்?

கணக்கு எளிது என்றால் முடியும். 1120-ன் முதல் பக்கத்தில் பெயர், முகவரி, பி கட்டத்தில் இஐஎன் எண் (ஐஆர்எஸ் கம்பெனிக்குத் தரும் அடையாள எண்). இது முதல் தாக்கலா, கடைசித் தாக்கலா என்று இ கட்டத்தில் டிக். பக்கத்தின் மேலே "ஃபாரின்-ஓன்டு யு.எஸ். டிஇ" (வெளிநாட்டவருக்குச் சொந்தமான, வரிக்குத் தனி ஆளாகப் பார்க்கப்படாத அமெரிக்கக் கம்பெனி) என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மற்ற வரிகளைத் தொடாதீர்கள். வருமானத்தை அங்கே எழுதிக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 5472-ல் பகுதி 5 தான் உயிர்நாடி. அங்கே டிக் போட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று தனித் தாளில் எழுதி இணையுங்கள். யூட்டா மாநிலத்தின் ஓக்டன் நகரிலுள்ள ஐஆர்எஸ் அலுவலகத்துக்குத் தபாலிலோ ஃபேக்ஸிலோ போக வேண்டும். ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பிற்பாடு உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான். நேரம் போதாது என்றால் ஏப்ரல் 15-க்கு முன்பே ஃபார்ம் 7004 கொடுத்தால் அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும்.

இஐஎன் இல்லையென்றால் ஃபார்ம் எஸ்எஸ்-4-ஐ ஃபேக்ஸ் செய்து வாங்கலாம். ஐஆர்எஸ் அதற்குக் காசு வாங்குவதில்லை.

திருச்சி: மூன்று வருஷம் தாக்கல் செய்யவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, அக்கா.

நோட்டீஸ் வரவில்லை அல்லவா? அப்படியானால் உங்களுக்கு வழி இருக்கிறது. விட்டுப்போன எல்லா வருஷத்தையும் இப்போதே தாக்கல் செய்து, தாமதத்துக்கான நியாயமான காரணத்தை விளக்கும் கடிதத்தையும் இணையுங்கள். ஆண்டு வரவு 2 கோடி டாலருக்கு மிகாத சிறு நிறுவனம், இந்த விதியே தெரியாதது, அமெரிக்காவோடு குறைந்த தொடர்பே உள்ளது, கேட்டதும் முழுமையாக ஒத்துழைப்பது என்றால் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று ஐஆர்எஸ் விதிமுறையிலேயே இருக்கிறது. மன்னிப்பு உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் விதி எப்போது தெரிய வந்தது, தெரிந்த உடனே என்ன செய்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். "ஏஜென்ட் சொல்லவில்லை" என்ற ஒற்றை வரி நிற்காது. இதை மட்டும் தனியாகச் செய்யாமல் ஒரு நல்ல வரி ஆலோசகரோடு செய்யுங்கள்.

சென்னை: நானும் மனைவியும் சேர்ந்து எல்எல்சி வைத்திருக்கிறோம். இதே ஃபார்ம்தானா?

இல்லை. உரிமையாளர் இரண்டு பேர் ஆனதும் அது பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப்புக்கான ஃபார்ம் 1065, ஒவ்வொருவர் பங்கையும் காட்டும் கே-1 ஆளுக்கொன்று, கெடு மார்ச் 15. "ஏப்ரல்தானே" என்று இருந்துவிடாதீர்கள்.

பெங்களூரு, டிசைனர்: அமெரிக்க வாடிக்கையாளர் டபிள்யூ-9 கேட்கிறார். எல்எல்சி அமெரிக்காவில்தானே இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். டபிள்யூ-9 அமெரிக்க நபருக்கானது. தனி உரிமையாளர் எல்எல்சியில் வரிக்கு நபர் நீங்கள்தான், அதனால் வெளிநாட்டவர் தரும் டபிள்யூ-8பென் படிவத்தை உங்கள் பெயரில் கொடுங்கள்.

யாழ்ப்பாணம்: அமேசான் கிடங்கில் சரக்கு வைத்து விற்கிறேன். எனக்கும் வரி இல்லையா?

கோவைத் தம்பிக்குச் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. சரக்கு அமெரிக்க மண்ணில் இருந்து அங்கேயே விற்றால், அங்கே தொழில் நடத்துவதாகக் கொள்ள இடம் உண்டு. வரி உண்டா இல்லையா என்று ஆலோசகர் அலசும் வரை, செலவுகளைக் கழிக்கும் உரிமையைக் காக்க 1040-என்ஆர் (அமெரிக்காவில் வசிக்காதவருக்கான வருமான வரிப் படிவம்) தாக்கல் செய்து வைப்பது புத்திசாலித்தனம். கெடு தாண்டிப் பதினாறு மாதம் போய்விட்டால் செலவுகளைக் கழிக்கும் உரிமையே போய்விடலாம், மொத்த வரவுக்கும் வரி கட்ட நேரும். கிடங்கு உள்ள மாநிலத்தின் விற்பனை வரி தனிக் கேள்வி.

சேலம்: உரிமையாளர் விவரத்தை ஃபின்சென்னுக்கு (அமெரிக்க நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பு) கொடுக்க வேண்டும் என்று மிரட்டுகிறார்கள்.

2025 மார்ச்சில் வந்த விதிப்படி அமெரிக்காவில் பதிவான கம்பெனிகளுக்கு அது தேவையில்லை. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கோவைத் தம்பி மறுபடியும்: இந்தியாவில் காட்ட வேண்டுமா, அக்கா?

கட்டாயம். நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி. ஐடிஆரில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் எல்எல்சியையும் அதன் வங்கிக் கணக்கையும் காட்டுங்கள். மறைத்தால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். ரிசர்வ் வங்கிப் பக்கமும் இருக்கிறது. 2022-ன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பணம் போகும் முன்பே உங்கள் வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் ஃபார்ம் எஃப்சி கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. கிரெடிட் கார்டில் கட்டித் தொடங்கியவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நீங்களும் அப்படியென்றால், இந்த வாரமே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்குப் போங்கள்.

துபாய்: டெலவேர் கம்பெனியை அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். அங்கே ஜூன் 1-க்குள் ஆண்டு வரி 300 டாலர், தவறினால் 200 டாலர் அபராதம், அதற்கு மேல் மாதம் 1.5 சதவீத வட்டி. பாக்கியைக் கட்டி, கம்பெனியை மூடுவதற்கான ரத்துச் சான்றை அந்த மாநிலத்தில் தாக்கல் செய்யுங்கள். கடைசி வருஷத்துக்கான 1120-ல் "கடைசித் தாக்கல்" கட்டத்தில் டிக் போட்டு 5472-உடன் அனுப்பிவிட்டு, இஐஎன் கணக்கை மூடச் சொல்லி ஐஆர்எஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.