கிளைம் பணம் ஏன் குறைந்தது? மருத்துவமனைக் காப்பீட்டு மேசைக்காரர்களின் கேள்விகள்

போர்ட்டலில் 50,000 ரூபாய் அப்ரூவ்டு என்று காட்டுகிறது, வங்கியில் 45,000தான் விழுந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் புகார் தரலாமா?

பொறுங்கள். முதலில் ஆடிட்டரிடம் சொல்லி, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனைக்குத் தரும் பணத்தில் டிபிஏக்கள் (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளைமைக் கையாளும் இடைநிலை நிறுவனங்கள்) 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி முன்பிடித்தம், பிடித்தாக வேண்டும் என்று வருமான வரித் துறை 2009 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. அது உங்கள் பணம்தான், ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். பிடித்தம் சரியாகப் பத்தில் ஒரு பங்காக இல்லாவிட்டால்தான் மேலே விசாரிக்க வேண்டும். பல கிளைம்களுக்குச் சேர்த்து ஒரே யூடிஆர் (வங்கிப் பணப் பரிமாற்ற) எண்ணில் பணம் வரும் என்பதால் அதைப் பிரித்து எழுத ஒரு நோட்டு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மார்ச் மாதம் படாத பாடு படுவீர்கள்.

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த கேஸ். எல்லாம் அனுப்பியும் விளக்கம் கேட்டு மறுபடி மறுபடி க்வெரி வருகிறது.

ஸ்டென்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேஸ் ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு கிளைம் வாரக்கணக்கில் நின்றது. கடைசியில் பார்த்தால், ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் அவசரத்தில் ஸ்டிக்கரை ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள், ஸ்கேன் செய்த பையன் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறான். வேலை முடித்தவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் பணம் நின்றுவிட்டது. ஸ்டிக்கர், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆஞ்சியோ படம், தேதி நேரத்தோடு டாக்டர் கையெழுத்து, இந்த மூன்றையும் நோயாளி வீட்டுக்குக் கிளம்புவதற்குள் சரிபார்த்துவிடுங்கள். அப்புறம் தேடினால் கிடைக்காது.

அரசுக் காப்பீட்டில் ஒரு சிகிச்சைக்கு மொத்தமாகத் தரும் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை. மருந்துச் செலவை மட்டும் நோயாளியிடம் வாங்கலாமா?

கூடாது. கட்டுப்படியாகவில்லை என்பது பல சிகிச்சைகளில் உண்மை, நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் படுக்கை, உணவு, பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்ந்ததுதான் பேக்கேஜ். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்ட விதிப்படி அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்தும்கூட அதற்குள் அடங்கும். காதில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு வந்து கவுன்ட்டரில் நிற்கிற அம்மாவிடம் "மருந்துக்கு மட்டும்" என்று பில் நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது. புகார் போனால் வாங்கியதைத் திருப்பித் தருவதோடு நிற்காது, அபராதம் உண்டு, திட்ட மருத்துவமனைப் பட்டியலிலிருந்தே நீக்கவும் செய்வார்கள். கட்டண உயர்வை மருத்துவர் சங்கம் வழியாக அரசிடம் கேளுங்கள்.

ஒரே அட்மிஷனில் இரண்டு அறுவை சிகிச்சை. இரண்டுக்கும் முழுத் தொகை வருமா?

வராது. ஆயுஷ்மான் விதியில் அதிகத் தொகை உள்ளதற்கு 100 சதவீதம், இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 25. முன்அனுமதியிலேயே இரண்டையும் போட்டுவிடுங்கள்.

வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டினால் முதலமைச்சர் காப்பீடு கிடையாது என்று எங்கள் ரிசப்ஷனில் திருப்பி அனுப்புகிறார்கள். சரியா?

தவறு, இதை இன்றே நிறுத்துங்கள். 2022 ஜனவரியிலேயே குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ஆகிவிட்டது, காப்பீடும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். கார்டு இல்லாதவரிடம் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்துவிடுங்கள், பதற்றத்தில் இருப்பவருக்கு வாயால் சொன்னது நிற்காது.

ஓசூரில் இருக்கிறோம். கர்நாடகாவில் எடுத்த ஆயுஷ்மான் கார்டோடு வருகிறார்கள், சேர்க்கலாமா?

ஆயுஷ்மான் பட்டியலில் உங்கள் மருத்துவமனை இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பணம் தருவதற்கு உள்மாநில கிளைமுக்கு 15 நாள் கெடு என்றால் வெளிமாநிலத்துக்கு 30 நாள், அதை மனதில் வைத்து வரவு செலவைத் திட்டமிடுங்கள்.