அமெரிக்கக் குடியேறிகள் பிரிட்டனிடமிருந்து விடுதலை கோரியது ஏன்?

காலனி என்பது தொலைவிலுள்ள ஒரு பேரரசு தன் மக்களைக் குடியமர்த்தியோ படையால் கைப்பற்றியோ ஆளும் நிலப்பகுதி. வட அமெரிக்காவின் 13 காலனிகளில் குடியேறியவர்கள் தங்களைப் பிரிட்டிஷ் குடிமக்களாகவே கருதினார்கள்; பல தலைமுறைகளாகத் தங்கள் சட்டமன்றங்களின் வழியே தாங்களே வரி விதித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். பிரான்சுடன் நடந்து 1763இல் முடிந்த ஏழாண்டுப் போரால் பிரிட்டனுக்குக் கடன் குவிந்திருந்த நிலையில், அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவுக்காக, குடியேறியவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றம் 1765இல் முத்திரை வரியைக் கொண்டுவந்தது. செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு எனப் பலவற்றுக்கும் காசு கொடுத்து அரசு முத்திரை பெற வேண்டியிருந்தது. கடும் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது என்றாலும், காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் இயற்றத் தனக்கு முழு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் கையோடு அறிவித்தது. வரியைவிட ஆழமாகப் புண்படுத்தியது இந்த அறிவிப்புதான் என்பேன்.

தோளுக்கு மேல் வளர்ந்து தனிக்குடித்தனம் நடத்தும் மகனின் வரவு செலவைத் தந்தை அவனைக் கேளாமலே தீர்மானிப்பதைப் போன்றது இது.

வரிச்சுமை தாங்காமல்தான் கிளர்ந்தெழுந்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்கவே வழி செய்தது, அப்படியிருந்தும் வரியோடு வரும் அதை வாங்கினால் லண்டனின் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதற்காகவே பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.