முதல் குழந்தை குறைமாதம். இரண்டாவது முழு மாதம் தங்க என்ன சாப்பிட வேண்டும்?

கேள்வி: எனக்கு 27 வயது, நாகப்பட்டினம் பக்கம். முதல் பையன் 33 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து பிறந்தான். மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தான், இப்போது இரண்டரை வயது, நன்றாக இருக்கிறான். மறுபடி 15 வாரம் ஆகிறது. எடை 42 கிலோ, உயரம் 154 செ.மீ., ரத்தம் 9.4. போன தடவை பப்பாளி சாப்பிட்டதால்தான் அப்படி ஆனது என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் இரவு பாலோடு போட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா காட் லிவர் ஆயில் அனுப்பியிருக்கிறாள், குறைப்பிரசவம் ஆகாமல் தடுக்குமாம். புரோட்டீன் பவுடரும் வாங்கட்டுமா? என்ன சாப்பிட்டால் இந்தக் குழந்தை முழு மாதம் தங்கும் டாக்டர்?

பதில்: முதலில் பப்பாளியை முடித்துவிடுவோம், ஏனென்றால் இரண்டரை வருடமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் பையன் சீக்கிரம் பிறந்ததற்கு நீங்கள் சாப்பிட்ட பழம் காரணம் இல்லை. பப்பாளிக் காயில் வடிகிற பால் எலிகளின் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்தது சோதனையில் தெரிந்த விஷயம், அதனால் பப்பாளிக்காய்க் கூட்டு இந்த நேரத்தில் வேண்டாம் என்பேன். ஆனால் நன்றாகப் பழுத்த பழத்தில் அந்தப் பால் கிட்டத்தட்ட இருக்காது, அதே சோதனையில் பழம் எதுவும் செய்யவில்லை. பனிக்குடம் முன்கூட்டி உடைவதற்குப் பெரும்பாலும் கிருமித்தொற்று, கர்ப்பப்பை வாய் சுருங்கி நீளம் குறைவது, தாய் மிகவும் ஒல்லியாக இருப்பது, புகையிலை, இப்படி ஏதாவது காரணம் இருக்கும், பல நேரம் காரணமே தெரியாமலும் போகும். 2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்திருக்கிறார்கள். அத்தனை அம்மாக்களும் பப்பாளி சாப்பிடவில்லை. வீட்டில் மறுபடி யாராவது ஆரம்பித்தால் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த இடத்துக்கு வருகிறேன். அது அக்கா அனுப்பிய பாட்டில் இல்லை, இரவு பால் டம்ளர். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது, பாலிலும் கால்சியம் இருப்பதால் அதுவும் சேர்ந்து தடுக்கும். நீங்கள் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டும் ரத்தம் 9.4இலேயே நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தவர்கள் எப்படிப் போடுவது என்று ஒரு நிமிடம் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றுவது சுலபம். கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையைக் காலை 11 மணி வாக்கில், எலுமிச்சைச் சாற்றோடோ ஒரு பெரிய நெல்லிக்காயோடோ போடுங்கள், ஏனென்றால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும், இரும்பு போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி கூடாது. வெறும் வயிற்றில் குமட்டினால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், பரவாயில்லை, போடாமல் விடுவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போவது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றும் இல்லை. குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம் அளவு. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். நம் நாட்டில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது, அதனால் 9.4 என்பதை "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. ரத்தசோகை இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். உங்களைப் போல 9.4 இருப்பவர்களுக்கு அரசு நடைமுறையிலேயே ஒரு நாளைக்கு இரண்டு. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ இதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், பூச்சி மாத்திரை இன்னும் போடவில்லை என்றால் அதையும் கேளுங்கள், முதல் மூன்று மாதம் முடிந்த பிறகு அதைப் போடலாம். ஒரு மாதம் சரியாகப் போட்டு மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஊசி ஏற்றலாம், அரசு மருத்துவமனைகளிலேயே ஏற்றுகிறார்கள். இரும்பு மாத்திரை குறைப்பிரசவத்தை நேரடியாக நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை உள்ள தாய்க்குக் குழந்தை முன்கூட்டிப் பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் அதிகம், பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்கும் தெம்பும் இருக்காது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கால்சியம் முக்கியமாக ரத்த அழுத்தத்துக்காக. கர்ப்பத்தில் பி.பி. ஏறினால் தாயைக் காப்பாற்ற நாங்களே குழந்தையை முன்கூட்டி எடுக்க வேண்டி வரும், குறைப்பிரசவத்தில் ஒரு பங்கு அப்படி வருவது. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்கிறது. பெங்களூரில் 11,000 பெண்களிடமும் தான்சானியாவில் 11,000 பெண்களிடமும் நடத்தி 2024இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 500 மில்லிகிராம் போட்டவர்களுக்கும் 1,500 போட்டவர்களுக்கும் பி.பி. சிக்கல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. நம் ஊரில் 500 மில்லிகிராம் மாத்திரையாக இரண்டு வேளை கொடுக்கிறோம், அதையே தொடருங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டியதில்லை.

சரி, அக்காவின் பாட்டில். அக்கா கேள்விப்பட்டதில் பாதி உண்மை. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 என்ற கொழுப்புச் சத்தைப் பற்றி 70 ஆய்வுகளை, ஏறக்குறைய 20,000 பெண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு தொகுப்பு வந்தது. ஒமேகா 3 எடுக்காதவர்களில் 100க்கு 13 பேருக்குக் குறைப்பிரசவம் ஆனது, எடுத்தவர்களில் 100க்கு 12 பேருக்கு. 34 வாரத்துக்கு முன்னால், அதாவது உங்கள் பையன் பிறந்த மாதிரி மிகவும் சீக்கிரம் பிறப்பது 4.6 சதவீதத்திலிருந்து 2.7ஆகக் குறைந்தது, இது நல்ல வித்தியாசம். ஆனால் அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவில் 5,500 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. பிரித்துப் பார்த்ததில், உடம்பில் ஒமேகா 3 குறைவாக இருந்தவர்களுக்கு உதவியிருப்பதாகவும் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தவர்களுக்கு உதவாதது மட்டுமல்ல, கொஞ்சம் எதிராகவே போயிருக்கலாம் என்றும் தெரிந்தது. ஆக, மீனே சாப்பிடாத பெண்ணுக்கு இது பிரயோஜனம், வாரம் மூன்று நாள் மீன் குழம்பு சாப்பிடுகிறவளுக்கு மேற்கொண்டு மாத்திரை தேவையில்லை.

உண்மையில்லாத பாதி எது என்றால், காட் லிவர் ஆயில் என்பது மீனின் ஈரலிலிருந்து எடுப்பது, அதில் வைட்டமின் ஏ நிறைய இருக்கும். வைட்டமின் ஏ அளவு மீறினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். கர்ப்பத்தில் அது வேண்டவே வேண்டாம், இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். இதுவரை சில மாத்திரை போட்டிருந்தால் பதற வேண்டாம், பாட்டிலை அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப்போய் எத்தனை போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அக்காவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், மீன் எண்ணெய்க்கும் மீன் ஈரல் எண்ணெய்க்கும் வித்தியாசம் கடைக்காரருக்கே பல நேரம் தெரிவதில்லை.

நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு மீன் எண்ணெயைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டுமா அம்மா? மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இருப்பது அதே ஒமேகா 3தான், மத்தி 100 கிராம் சாப்பிட்டாலே ஏறக்குறைய ஒரு கிராம் கிடைத்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். சுறாப்புட்டு மட்டும் இப்போது வேண்டாம். பால் சுரக்கும் என்று உங்கள் பக்கத்தில் ஆசையாகச் செய்து கொடுப்பார்கள், ஆனால் சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. மசக்கையில் மீன் வாடையே பிடிக்கவில்லை என்றால் அப்போது டி.எச்.ஏ. (மீனில் இருக்கும் ஒமேகா 3 வகை) உள்ள மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசலாம், சைவக்காரர்களுக்குக் கடல் பாசியிலிருந்து எடுத்ததே கிடைக்கிறது. ஆளி விதை சாப்பிட்டால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள், அதில் இருப்பது வேறு வகை, உடம்பு அதை டி.எச்.ஏ.வாக மாற்றுவது மிகக் கொஞ்சம்தான்.

புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். நீங்கள் 42 கிலோ, இந்த உயரத்துக்கு இது குறைவு, கர்ப்பம் முடிவதற்குள் 12.5 கிலோவிலிருந்து 18 கிலோ வரை ஏற வேண்டும். வயிற்றுப்பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம், அளவாகச் சாப்பிடு என்று பெரியவர்கள் சொல்வார்கள், அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் விஷயத்தில் அதைக் கேட்கக் கூடாது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த ஆறு மாதமாவது அதை நிறுத்துங்கள், இதை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் நாளுக்குச் சுமார் 350 கலோரி வேண்டும், அது பெரிய விஷயமில்லை: காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது அங்கன்வாடி சத்துமாவில் கஞ்சி, பதினொரு மணிக்கு வேகவைத்த முட்டை, மத்தியானம் சோறு கொஞ்சம் குறைத்துப் பருப்பும் முருங்கைக்கீரையும் கூட்டி, சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்கள், அதில் இருக்கும் பேரீச்சம்பழத்தையும் மாவையும் வந்த விருந்தாளிக்குக் கொடுக்காமல் நீங்களே சாப்பிடுங்கள்.

வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தார்கள், குறைப்பிரசவம் குறையவில்லை. துத்தநாகம், புரோபயாடிக் என்கிற நல்ல கிருமி மாத்திரை இவற்றுக்கும் நம்பும்படியான பலன் இல்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இவ்வளவு சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒருமுறை 33 வாரத்தில் பனிக்குடம் உடைந்தவருக்குச் சாப்பாடும் சத்து மாத்திரையும் மட்டும் போதாது. பழைய பிரசவச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். 16 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயின் நீளத்தைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் அளக்க வேண்டும், 25 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரவில் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் கர்ப்பப்பை வாயில் தையல் என்று முடிவு செய்வார்கள். உங்களுக்கு முன்பே ஒருமுறை ஆகியிருப்பதால் புரோஜெஸ்டிரோன் இப்போதே தொடங்கலாமா என்றும் கேளுங்கள். அதே வகை ஹார்மோனை வாரம் ஒரு ஊசியாகப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள், அந்த ஊசியால் பலன் இருப்பது உறுதியாகவில்லை என்று அமெரிக்காவில் 2023 ஏப்ரலில் அதன் அனுமதியையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுங்கள், எரிச்சல் எதுவும் இல்லாமலே தொற்று இருக்கலாம், கண்டுபிடித்தால் மருந்தில் சரியாகிவிடும். போன தடவை பி.பி. இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கான சிறிய அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன் தொடங்குவதுதான் நல்லது, உங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது, வெற்றிலையில் புகையிலை யாருக்கும் ஆகாது.

படுத்தே இருக்கச் சொல்வார்கள். தேவையில்லை, படுத்திருப்பதால் குறைப்பிரசவம் நிற்பதில்லை, காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். சாதாரண வீட்டு வேலை செய்யுங்கள், நடங்கள்.

37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு வலி அலை அலையாக வந்தாலோ, தண்ணீரோ ரத்தமோ கசிந்தாலோ கஷாயம் வைத்துப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். நேரத்தில் வந்தால் குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட முடியும், அதற்குச் சில மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு ஐ.சி.யூ. இருக்கும் மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ஸ்கேன் எடுத்ததும் அந்த நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்றும், ஒரு மாதம் கழித்து ரத்தம் எவ்வளவு ஏறியது என்றும் எனக்கு எழுதுங்கள்.